எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்

லோவ்ரோ: ...ஆக, உன் முடிவுல மாற்றமே இல்ல?

தின்காரா: இல்ல. ஆளுக்கொரு டிக்கெட், ஊருக்கு ஊர் தனித்தனியா. ஒரு மாச ரயில் பாஸ்தான் வாங்குவீங்கன்னா நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க. நான் சித்தி வீட்டுல இருந்துக்கறேன்.

லோவ்ரோ: அந்த வீட்டு நாய் உன்னைக் கண்டாலே குரைக்கும்னு சொன்னியே.

தின்காரா: போகப் போகப் பழகிடும். அது நாய்தானே.

லோவ்ரோ: அந்த ‘தானே’ எனக்குத்தான்னு புரியுது... இங்க பாரு. செப்டம்பர்ல எனக்கும் உங்கம்மாவுக்கும் கல்யாணம். அதுக்குள்ள மூணு பேரும் ஒரு மாசம் ரயில்ல ஒண்ணாச் சுத்திட்டு வரணும்னு அவளுக்கு ஆசை. நீ வரலேன்னா அவளும் வர மாட்டா.

தின்காரா: தெரியும்.

லோவ்ரோ: அவ சாப்பிடச் சூடா புரெக் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நாம ஒரு முடிவுக்கு வந்திருக்கணுமாம்.

தின்காரா: சனிக்கிழமை. கடையில கூட்டம் அள்ளும். நீங்க நிதானமாவே தோத்துப் போகலாம்.

லோவ்ரோ: பாஸ்ல அப்படி என்னதான் குறை கண்டே? ஒரே ஒரு தடவை வாங்கினாப் போதும், எந்த நாட்டு ரயில்லயும் ஏறலாம். வியன்னா, ப்ராக், ஹாம்பர்க், அப்படியே கோபன்ஹேகன்...

தின்காரா: வேகமாப் போற ரயில்ல சீட்டுக்குத் தனியாப் பணம் கட்டணும். பாஸ் வச்சிருந்தாலும். அதை மட்டும் விளம்பரத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான்.

லோவ்ரோ: சில ரயில்லதான் அது.

தின்காரா: மத்ததுல? கோடை நெரிசல்ல ஹாம்பர்க் வரைக்கும் நின்னுக்கிட்டே போவீங்களா? அம்மாவுக்கு முட்டி வலி.

லோவ்ரோ: சரிம்மா, சீட்டுக்கும் கட்டிடலாம். ஆனா நீ சொல்ற மலிவு டிக்கெட்டுல ஒரு ரயிலை விட்டா மொத்தமும் போச்சு.

தின்காரா: அப்ப விடாதீங்க.

லோவ்ரோ: உங்கம்மா என்னைக்காவது ஒரு ரயிலை நேரத்துக்குப் பிடிச்சிருக்காளா?

தின்காரா: ...

லோவ்ரோ: சிரிச்சுட்டே.

தின்காரா: இல்லையே. பல்லு கூசுது.

லோவ்ரோ: பல்லுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. கண்ணாடிக் கடைக்காரன்.

தின்காரா: ஆமா, அதைக் கேட்கணும்னு இருந்தேன். உங்க கடையில கண்ணாடி போட்டுக்கிட்ட பிறகுதான் அம்மாவுக்கு உங்களைப் பிடிச்சுதாம். கண்ணாடியைத் தப்பாப் போட்டுட்டீங்களா?

லோவ்ரோ: எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. திரும்பக் கூப்பிட்டுச் சோதிச்சேன். சரியாத்தான் இருந்தது.

தின்காரா: ம்.

லோவ்ரோ: இன்னொண்ணும் இருக்கு. பாஸ்னா உனக்கு இலவசம். பன்னெண்டு ஆகாத பிள்ளைங்களை ஒரு பெரியவங்க பாஸ்ல சேர்த்துக்கலாம்.

தின்காரா: ஆகஸ்டுல எனக்குப் பன்னெண்டு.

லோவ்ரோ: நாம கிளம்பறது ஜூலையில. கிளம்பற அன்னைக்குப் பதினொண்ணா இருந்தாப் போதும். அடுத்த வருஷம்னா உன்னை யாரோடயும் சேர்க்க முடியாது.

தின்காரா: சேர்க்கறதா... நான் என்ன பொட்டியா?

லோவ்ரோ: ஐயோ, அப்படிச் சொல்லலை. பணத்தை விடு. பாஸ்னா ஒரு சுதந்திரம் இருக்கு, தின்கா. போயிட்டே இருக்கோம், ஜன்னல்ல ஒரு ஏரி தெரியுது. பையைத் தூக்கிட்டு இறங்கிடலாம். எங்க வேணா இறங்கலாம்.

தின்காரா: அதான்.

லோவ்ரோ: எதான்?

தின்காரா: எங்க வேணா இறங்கலாம்ங்கறது. அதான் எனக்குப் பிடிக்கலை.

லோவ்ரோ: அதுதானே இதுல இருக்கற சந்தோஷமே.

தின்காரா: அப்பாவும் இதையேதான் சொல்வாரு.

லோவ்ரோ: உங்கப்பாவா? எப்போ?

தின்காரா: அம்மா உங்ககிட்ட சொல்லலையா?

லோவ்ரோ: பிரிஞ்சது தெரியும். எப்படின்னு நான் கேட்டதில்ல.

தின்காரா: எனக்கு ஏழு வயசு. அப்பவும் பாஸ்தான். எல்லை தாண்டினதும் அவங்க ரெண்டு பேரும் ஏதோ பேச ஆரம்பிச்சாங்க. கத்தக்கூட இல்ல. பெல்யாக் ஸ்டேஷன்ல ரயில் நின்னுச்சு. எனக்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிட்டு வரேன்னு எழுந்தாரு. பையையும் எடுத்துக்கிட்டாரு. ஜூஸ் வாங்க எதுக்குப் பைன்னு கேட்டேன்... இல்ல. கேட்கலை. நினைச்சேன்.

லோவ்ரோ: ரயில் கிளம்பிடுச்சா?

தின்காரா: ம். பாஸ்தான் இருக்கே, அடுத்த ரயில்ல ஏறி வந்துடுவாருன்னு அம்மா சொன்னாங்க. சால்ஸ்பர்க்ல இறங்கி உட்கார்ந்திருந்தோம். வர்ற ஒவ்வொரு ரயில்லயும் பார்த்தேன்.

லோவ்ரோ: தின்கா...

தின்காரா: தின்காரா.

லோவ்ரோ: தின்காரா. சரி. டிக்கெட்டே வாங்கலாம். மூணு பேருக்கும் ஒரே ரயில், ஒரே வரிசை.

தின்காரா: இவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிட்டீங்க?

லோவ்ரோ: நீ ஜெயிச்சுட்டே. அவ்வளவுதான்.

தின்காரா: ஆனா டிக்கெட் இருந்தாலும்... நடுவுல ஒருத்தர் இறங்கிப் போகலாம்தானே?

லோவ்ரோ: போகலாம். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

தின்காரா: ம்... எதுக்குப் போனைத் திருப்பி வச்சுக்கிறீங்க?

லோவ்ரோ: ஒண்ணுமில்ல.

தின்காரா: காட்டுங்க.

லோவ்ரோ: திட்டக் கூடாது.

தின்காரா: அது பார்த்த பிறகு.

லோவ்ரோ: பாஸ் வாங்கற பக்கத்துல, குழந்தையை யார் பாஸ்ல சேர்க்கறதுன்னு கேட்டுச்சு. உன் பேரை என் பேருக்குக் கீழே போட்டுப் பார்த்தேன். சும்மா... எப்படி இருக்குன்னு. உடனே அழிச்சுட்டேன்.

தின்காரா: இதுல இருக்கே.

லோவ்ரோ: அப்புறம் திரும்பவும் போட்டேன்.

தின்காரா: சொந்தக்காரங்களா இருக்க வேணாமா?

லோவ்ரோ: வேணாமாம். பதினெட்டு வயசு முடிஞ்சிருந்தாப் போதும்.

தின்காரா: அவ்வளவுதான் தகுதியா?

லோவ்ரோ: நான் தேறினது அது ஒண்ணுலதான்.

தின்காரா: ...அந்தக் குழந்தை தனியா வேற ரயில்ல போகலாமா?

லோவ்ரோ: கூடாது. யார் பாஸ்ல சேர்ந்திருக்கோ அவங்க கூடவேதான் போகணும்.

தின்காரா: அவங்க இறங்கினா?

லோவ்ரோ: குழந்தையும் இறங்கணும். விட்டுட்டுப் போகக் கூடாது.

தின்காரா: இது அவங்க சட்டமா, நீங்க இப்ப சொல்றதா?

லோவ்ரோ: அவங்க சட்டம். நீயே படிச்சுப் பாரு.

தின்காரா: ஆமா... கூடவேதான் போகணும்னு போட்டிருக்கு.

லோவ்ரோ: படியில சத்தம் கேட்குது. உங்கம்மா வந்துட்டா. டிக்கெட்னு சொல்லிடறேன்.

தின்காரா: சொல்லாதீங்க.

லோவ்ரோ: ஏன்?

தின்காரா: பாஸே வாங்குங்க.

ஊர்ஷா: யாராவது கதவைப் பிடிங்களேன், கையெல்லாம் சுடுது... என்ன, ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கீங்களா? என்ன முடிவாச்சு?

லோவ்ரோ: பாஸ்.

ஊர்ஷா: நிஜமாவா? தின்கா, நீயா ஒத்துக்கிட்டே? சரி, உன்னை என்னோட பாஸ்ல சேர்த்துடலாம், என்ன?

தின்காரா: வேணாம்மா. நீ எங்கயும் இறங்கிப் போக மாட்டே. என்னை அவரோடதுல போடு.