புல்லுக்கு மருந்து அடித்த நாள்

விருந்தினர்களை எந்த ஊருக்கு அழைத்துப் போனாலும், வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் சுத்தமான கழிப்பறையைக் காட்ட வேண்டும். பல்லவர்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. அந்தத் தவறை மறுபடி செய்ததில்லை.

நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கத்துப் பெண், பெயர் பிரவீனா, வரலாற்றில் முதுகலை என்பதையெல்லாம் நீங்கள் போன முறையே எழுதிக்கொண்டீர்கள். நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

கடலோரத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு முக்கால்வாசிப் பேர் கோல்ஃப் ஆடத்தான் வருகிறார்கள். விளம்பரத் தாளின் முதல் பக்கம் முழுக்கப் புல்வெளி. காஞ்சிபுரம் கடைசிப் பக்கத்தில், மசாஜுக்குக் கீழே இருக்கிறது. புல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் நாளில் யாரும் ஆட முடியாது. அன்றைக்குத்தான் என் வண்டி நிரம்பும். வரவேற்பில் இருக்கும் திரிஷா எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்வாள்: "சும்மா ரூம்லயே உக்காந்துக்கினு இருக்கப் போறீங்களா சார்? அதுக்கு காஞ்சிபுரமாவது போய்ட்டு வந்துடுங்களேன்."

காஞ்சிபுரமாவது. என் ஊரை அந்த 'ஆவது' இல்லாமல் யாருக்காவது காட்டிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேலாளரிடம் எத்தனையோ முறை பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு, புல் எப்படி இருக்கிறது என்று தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அந்த வெள்ளிக்கிழமையும் மருந்து அடித்த நாள்தான். மே மாதம். ராமராஜன் சாரும் அவர் மனைவி தேவகி அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர் மோசமான மனிதர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மாத்திரை போட்டால் நன்றாகத் தூங்கிவிடுவார்.

காலையில் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். அந்தக் கோயிலுக்காக நான் எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன் என்று சொன்னால் பெருமையடிப்பதாகத் தோன்றும். அதைக் கட்டிய ராஜசிம்மனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எனக்குப் பின்னால் ராமராஜன் சார் குடையைத் தலைகீழாகப் பிடித்து, இல்லாத பந்தை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தோளு திரும்பணுமுங்க. கையில மட்டும் அடிச்சா பந்து பக்கவாட்டுல போயிருமுங்க."

ராஜசிம்மனை விட்டுவிட்டு எல்லோரும் குடையைப் பார்த்தார்கள். ஒருவர் அவருடைய கைத்தடியை வாங்கி அடித்துப் பழகினார். அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். ராமராஜன் சார்தான் கேட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள அந்த மருந்து வாசனை போயிருமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்தது நெசவாளர் வீரபத்திரன் வீடு. வண்டியை எதிரே இருந்த திடலில் நிறுத்தினோம். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. "சேலையெல்லாம் அம்மிணி பாக்கட்டுமுங்க, நான் இங்கயே சித்த கண்ண மூடறேன்" என்று ராமராஜன் சார் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டார். படம் எடுப்பதற்காக அவருடைய போனை தேவகி அம்மா வாங்கிக்கொண்டு இறங்கினார்.

டிரைவர் ஆஸிம் என்னிடம் வந்தார். "மேடம், ஜும்மாவுக்குப் போய்ட்டு வந்துர்றேன். ஏசி ஓடிக்கினு இருக்குது. சாரைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா."

"நீங்க போங்க பாய், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வீட்டுக்குள் தறி ஓடத் தொடங்கியது. ஆனால் வெளியே வண்டியின் உறுமல். புகையும் வாசல் வழியாக உள்ளே வந்தது. வீரபத்திரன் பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியே போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இன்ஜினை அமர்த்தினேன். சாவியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். டிரைவர் இருக்கைக்கும் பின்பகுதிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. ஜன்னல்கள் திறக்காத ரகம். பயணிகள் ஏறும் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல நாளாகியிருந்தது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இது ஆஸிமுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதன் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது. தறியின் சத்தம் அந்த வீடு முழுக்க நிறைந்திருந்தது. எல்லோரும் கேள்வி கேட்டார்கள், நல்ல கேள்விகள். சாயம் எங்கே தோய்ப்பார்கள், கரையை எப்படிச் சேர்ப்பார்கள், ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம். யாரும் கோல்ஃப் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வாய்த்ததில்லை.

நடுவில் தேவகி அம்மா கேட்டார். "அவரு எந்திரிச்சுட்டாருங்களா கண்ணு? ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டுமா?"

"இப்பதாம்மா பாத்துட்டு வந்தேன். நல்லா தூங்கறாரு. ஏசி ஓடுது. நீங்க இந்த முந்தானையைப் பாருங்க."

அவர் முந்தானையைப் பார்த்தார்.

ஆஸிம் திரும்பி வருவதற்கு முன்பே போய்ச் சாவியை அதன் இடத்தில் சொருகிவிட்டேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என் பழக்கம். பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆஸிமின் அலறல் கேட்டது. தறி நின்றது.

டீசல் மிச்சம் பிடிக்க அவர் வண்டியை அமர்த்திவிட்டுப் போனார் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கவனிக்கவில்லை என்றுதான் சொன்னேன். நீங்கள் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போன பிறகு அவர் மனைவி ரூக்ஷார் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, அவரு ஏசிய போட்டுட்டுதான் போனாருன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்க்கா" என்று அழுதாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

ஆஸிமுக்காக நான் வந்திருப்பதாக எழுத வேண்டாம். நேற்று மேலாளர் கூப்பிட்டு, காஞ்சிபுரப் பயணத்தை அடியோடு நிறுத்திவிட்டோம் என்றார். மருந்து அடிக்கும் நாட்களுக்காகப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன மைதானம் அமைக்கிறார்களாம். எனக்கு அங்கே பேட்டரி வண்டிகளை மேற்பார்வை பார்க்கும் வேலை. காரணம் கேட்டதற்கு உங்கள் அறிக்கையைக் காட்டினார். அதில் 'அலட்சியம்' என்று இருக்கிறது. என் பயணத்தில் அலட்சியத்தால் ஒருவர் செத்துப்போனார் என்று இனி எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சொல்லை நீங்கள் அடித்துவிட வேண்டும். அன்றைக்கு நான் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை.

அவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தேவகி அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை. விருந்தினர்களுக்கு மோர் கொடுக்கும் நேரத்தில் நான் வாசலுக்கு வந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியில் அவர் உள்ளங்கை வெள்ளையாகத் தெரிந்தது. தட்டினார். தறிச் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது. என்னைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகத் தட்டினார்.

கொஞ்சம் பொறுங்கள் சார், முடியப் போகிறது என்று கையைக் காட்டினேன்.

சற்று நேரத்தில் அவர் கை மெதுவாக இறங்கியது. காலையிலிருந்து இப்போதுதான் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.