மாப்பிள்ளையின் ஒன்றாம் எண்

நம்பர் பலகையின் திருகாணியைக் கடைசிவரை முறுக்கக் கூடாது, ஐயா. அரைச் சுற்று விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் பலகை விரியும்போது துளையைச் சுற்றிக் கீறல் விழும். அடியில் ஒரு ரப்பர் வளையம், தலைக்கு மேல் பலகையின் நிறத்திலேயே ஒரு பிளாஸ்டிக் மூடி. என் கடையில் மாட்டிய எந்தப் பலகையிலும் திருகாணித் தலை வெளியே தெரியாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

வாயால் சொன்னால் போதும், ஏட்டு எழுதிக்கொள்வார் என்றீர்கள். அவர் கையெழுத்தைப் பார்த்தேன். நானே எழுதித் தருகிறேன்.

விசேஷ எண் வாங்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களிடம் ஏன் இந்த எண் என்று கேட்பது என் வழக்கம். பல் மருத்துவர் ஒருவர் முப்பத்திரண்டு வாங்கியிருந்தார். இன்னொருவர் கல்யாணத் தேதி என்றார். அடுத்த ஆண்டே அதே வண்டிக்கு வேறு எண்ணோடு வந்து நின்றார், நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஒரு மரக்கடைக்காரர் தன் பங்காளியின் எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணைத் தேடிப் பிடித்திருந்தார். எண் சின்னதாக இருந்தால் ஆள் பெரியவர் என்பது அவர்கள் கணக்கு. காரணங்களைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது ஒன்றே: தான் வருவது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயரும் சொந்த முகமும் போதாமல் முன்னும் பின்னும் ஒரு தகடு தேவைப்படுகிறது. இவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கழிவறைச் சுவரில் பெயர் கிறுக்குகிறவன்மேல் யார் கோபப்படுவார்கள்?

ஒரே ஒருவர் விதிவிலக்கு. பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்த நர்ஸ் அம்மா. ஸ்கூட்டருக்குப் பலகை மாட்ட வந்தவர், என் கேள்விக்கு, "எங்கம்மா வீட்டுக் கதவு நம்பர்ங்க. வீட்டை இடிச்சுட்டாங்க. நம்பராவது நம்மகூட இருக்கட்டுமேன்னுதான்" என்றார். அது காரணம். வேலை முடிந்ததும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு நன்றி சொன்னார். என் கடையில் நன்றி சொல்கிறவர்கள் குறைவு.

என் தங்கையின் கணவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருப்பவர். மூன்று பூஜ்யமும் ஓர் ஒன்றும் கொண்ட எண்ணை வாங்கியவர். வாங்கியது அவர் இஷ்டம். பலகையை என்னிடம் செய்யாமல் கடைவீதியில் ஒரு பளபளப்பான கடையில் செய்துகொண்டதும் அவர் இஷ்டம். வெள்ளிப் பூச்சுத் திருகாணிகளைத் தலை பிதுங்க முறுக்கி வைத்திருந்தார்கள். "உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்" என்றார்.

வெள்ளைக் கார் அது. அதே மாதிரி வண்டியை என்னையும் எடுக்கவைத்தவர் அவர்தான். இரண்டும் பக்கத்தில் நின்றால் அழகாக இருக்குமாம். தங்கை வீட்டு வாசலில் நின்றன. எது யாருடையது என்று யாராவது கேட்டால், நம்பரைப் பார் என்பார்கள். ஒரு பிறந்தநாள் விருந்தில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் இருக்கும்போது மாப்பிள்ளை என்னிடம் கேட்டார்.

"மச்சான், உங்க வண்டி நம்பர் என்ன?"

எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்ததை வாங்கி மாட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

"ஊருக்கெல்லாம் நம்பர் அடிக்கிறவர், சொந்த நம்பர் தெரியல பாருங்க. வண்டி தொலைஞ்சா போலீஸ்ல என்னன்னு சொல்வீங்க? வெள்ளையா இருந்துச்சுன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இதற்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். இது ஒரு சாதாரணக் கேலி. அந்தக் கேலியில் ஓர் உண்மை இருந்ததை மட்டும் நான் கவனித்துக்கொண்டேன். என் எண் எனக்கே நினைவில்லை. அவருடைய எண்ணை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கப்போவதில்லை.

கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை கடைக்கு வந்தார். ஏரிக்கரைச் சாலையில் தினமும் மாலை தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது அவர் பழக்கம். அன்று திரும்பும்போது வீட்டு வாசல் தூணில் இடித்து, வண்டியின் இடது முன்முனை நசுங்கி, விளக்கு உடைந்திருந்தது.

"வீட்ல சொல்லிடாதீங்க மச்சான். மானம் போயிரும். நீங்களே ஆளைப் பிடிச்சு சத்தமில்லாம சரி பண்ணிக் குடுங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன், உதிரிப்பாகம் வரட்டும், அதுவரை இப்படியே ஓட்டுங்கள் என்றேன். என்னை நம்பினார். அதை அவருக்குச் சாதகமாகக் குறிப்பிட வேண்டும்.

அன்றே அவருடைய எண்ணில் இரண்டு பலகைகள் அடித்தேன். இனி யார் என்பதுதான் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே ஓடுகிறவராக இருந்தால் பழி அவர்மேல் பாதி போய்விடும், வழக்கு நிற்காது. சிக்னல் விளக்கு மாறும்வரை காத்திருந்து, இரண்டு பக்கமும் பார்த்து, கோட்டுக்குள் நடக்கிறவராக வேண்டும். நம் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நர்ஸ் அம்மா இருந்தார். மருத்துவமனைக்குள் இடமில்லாததால் ஸ்கூட்டரை எதிர்ப்பக்கம் நிறுத்துவார். பகல் வேலை முடிந்து, பேருந்து நிறுத்தம் நிறைந்திருக்கிற நேரத்தில் கடப்பார். மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் கடந்தார்.

அதற்கு அடுத்த நாள் மாலை, மாப்பிள்ளை ஏரிக்கரையில் இருக்கிற நேரத்தில், அந்தப் பலகைகளை என் வண்டியில் மாட்டிக்கொண்டு போனேன். இடது முன்முனையால் இடிக்க வேண்டும் என்பதில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. நர்ஸ் அம்மா என்னைப் பார்த்தாரா என்று கேட்டீர்கள். பார்த்தார். கடைக்காரர் என்று அடையாளம் தெரிந்து, வழிவிடுவதற்காக ஓர் அடி பின்னால் வைத்தார் என்று நினைக்கிறேன். மரியாதை தெரிந்த பெண்மணி.

நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் எண்ணை ஒரே மாதிரி சொன்னார்கள். நான் எதிர்பார்த்ததுதான். ஓட்டியவன் எப்படி இருந்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளை உங்களிடம், தூணில் இடித்தது மச்சானுக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள் என்று சொன்னார். நீங்கள் கேட்டீர்கள். அப்படி எதையும் பார்த்த நினைவில்லை என்றேன். அவர் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். "மச்சான்" என்று மட்டும் சொன்னார். விருந்துகளில் இவ்வளவு அடக்கமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

அன்றே தங்கை கடைக்கு வந்து அழுதாள்.

"அவர் செய்யலண்ணா. உனக்குத் தெரியாதா அவரை?"

"நம்பர் பொய் சொல்லாதும்மா" என்றேன். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

சிக்னல் கேமராவில் விழுந்த படம் பத்திரிகையில் வந்தது. வண்டியின் முன்பக்கம், நடுவில் பலகை. மங்கிய படம்தான், ஆனால் எழுத்து நிற்கிற நிலையைப் பாருங்கள். நாலு மூலையிலும் ஒரு திருகாணித் தலைகூடத் தெரியாது. பிடித்து வைத்திருக்கிற வண்டியில் நாலும் பளபளவென்று தெரியும். அன்று ஒரு மாலைப் பொழுதுக்காக மாட்டிய பலகைதானே, மூடி போடாமல் விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. அரைச் சுற்றும் விட்டிருந்தேன்.

யாராவது கவனிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஊர் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது, மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் காறித் துப்பியது. கடைக்கு வந்த ஒருவர் பத்திரிகையை என் முன்னாலேயே விரித்து, "எப்பேர்ப்பட்ட நம்பர், எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க" என்றார். அவர் விரல் என் பலகையின்மேல் இருந்தது. இது யார் வேலை என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, ஐயா.

தங்கைக்காகத்தான் வந்தேன். ஒரு நிரபராதி உள்ளே இருப்பது நியாயமில்லை என்று பட்டது. பலகைகள் கடையின் பின்கட்டில் இருக்கின்றன, வண்டியும் அங்கேயே, தார்ப்பாய்க்கு அடியில், உடைந்த விளக்கோடு. நர்ஸ் அம்மாவைக் கொன்றது நான். ஸ்கூட்டர் இன்னும் மருத்துவமனைக்கு எதிரேதான் நிற்கிறது, வரும் வழியில் பார்த்தேன். பலகை ஆடவில்லை.

பத்திரிகைக்காரர்கள் வந்தால் பெயரை முதலெழுத்தோடு போடச் சொல்லுங்கள். தவறாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான், வேறொன்றுமில்லை.

சிறையில் ஆளுக்கு ஓர் எண் தருவார்கள் என்று ஏட்டு சொன்னார். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். நான் அந்த ரகம் இல்லை. இருந்தாலும் உங்களுக்கு அங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள். மாப்பிள்ளைக்குக் கொடுத்ததைவிடச் சின்னதாக ஏதாவது காலியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.