பதினேழாம் எண் வீட்டின் முன்சுவர்

பிறர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த பழக்கம். அதனால்தான் தெருச் சீரமைப்பு என்று எது வந்தாலும் வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்கும் வேலையை நகராட்சியில் என் தலையில் கட்டுவார்கள். மற்ற பொறியாளர்களுக்கு அது வேப்பங்காய். எனக்கு அப்படி இல்லை. ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து தேநீரை வாங்கிக்கொண்டு, 'சொல்லுங்க' என்று நோட்டைத் திறந்தால் போதும், ஜனங்கள் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாமல்தான் பாதிப் பேர் கோபமாக இருக்கிறார்கள்.

இந்தத் தெருவில் இருபத்து மூன்று வீடுகள். மெயின் ரோட்டில் ஆரம்பித்து, நீரேற்று நிலையத்தின் மதிலை ஒட்டியே போய் முடிகிற தெரு. வீடுகள் எல்லாம் ஒரே பக்கம், மதில் எதிர்ப்பக்கம். அகலம் ஓரிடத்தில் பதினைந்தரை அடி, ஓரிடத்தில் பதினெட்டு. மழை பெய்தால் சாக்கடை வாசலேறும். மூன்று வருடங்களுக்கு முன்பு இந்தத் தெருத் தையல்காரரின் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது, வாசற்படிகளையும் திறந்த சாக்கடையையும் தாண்டி ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிப் போனார்கள். குழந்தை தங்கவில்லை. ஆகவே இந்தத் தெருவை அகலப்படுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. நான் செய்ததை எடை போடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் திட்டம் எளிமையானது. முனையிலிருந்து முனைவரை இருபது அடி, ஒரே சீராக. அதற்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்பக்கத்தில் இரண்டு அடியிலிருந்து நாலரை அடிவரை விட்டுத்தர வேண்டும். யாராவது மறுத்தால் அந்த இடத்தில் கோடு வளைந்து போகும். விதி அப்படி.

இந்த 'வளைந்து போகும்' என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருட வேலையில் பதினோரு தெருக்கள் போட்டிருக்கிறேன். ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்றில் கவுன்சிலரின் மாமனார் வீட்டுப் படிக்கட்டு, ஒன்றில் யாரோ ஒருவரின் கார் நிறுத்துமிடம். அலுவலகத்தில் எனக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். என் மனைவிகூட, "ஸ்கேல முழுங்கிட்டு வந்தவர் மாதிரி உட்காராதீங்க, கொஞ்சம் சாஞ்சு உட்காருங்க" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. இதுதான் என் கடைசித் தெரு.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுத்தேன், நானே தயாரித்தது. ஏழு கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் தனித்தாள்: 'உங்கள் வீட்டைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா?' பெரும்பாலானவர்கள் அதை வெறுமையாக விட்டுவிட்டார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மட்டும், 'மாமியார் இருக்கிறார், எச்சரிக்கை' என்று எழுதியிருந்தார். ஒட்டிய இரண்டு வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருந்தார்கள். அண்ணன் எவ்வளவு விடுகிறாரோ அதைவிட ஒரு அங்குலம் அதிகமாக விடுகிறேன் என்று தம்பி கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் இருபத்திரண்டு கையெழுத்துகள் வந்துவிட்டன.

பதினேழாம் எண் வீடுதான் மீதி. அங்கே ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், அறுபத்து மூன்று வயது, தம்பியோடு இருந்தார். தம்பி எலக்ட்ரீஷியன். பதினோரு வருடங்களுக்கு முன்பு கம்பத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லை. முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். தெருவில் யார் போனாலும் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். இரண்டாம் தடவை நான் போனபோதே, "அக்கா, ஸ்கேல் சார் வந்துட்டாரு, டீ போடு" என்றார். பட்டப்பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அவரிடமும் கருத்துக் கேட்டேன். வீடு அக்கா பெயரில் இருந்தாலும் கேட்பதுதான் முறை.

"எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் சார். அந்தத் தெரு லைட்டு நேரா மூஞ்சில அடிக்குது. கம்பத்தை ரெண்டடி தள்ளி நட்டீங்கன்னா நிம்மதியாத் தூங்குவேன். நானே ஏறி மாத்திருப்பேன், இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேன்."

அக்கா முறைத்தார். நான் குறித்துக்கொண்டேன். வரைபடத்தில் கம்பத்தை இரண்டு அடி தள்ளியும் போட்டேன். நீங்கள் பார்க்கலாம், அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அக்காவின் பதில்தான் வேறு. முன்னறை உள்வாக்கில் எட்டு அடிதான். நாலரை போனால் மூன்றரை மிஞ்சும். அதில் கட்டில் திரும்பாது. பின்னறையில் ஜன்னல் இல்லை.

"இவன் உலகமே அந்த ஜன்னல்தான் சார். அதை எடுத்துட்டு நான் யாருக்கு ரோடு விடணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. ஏழாவது கேள்விக்கு அரைப்பக்கம் எழுதியிருந்தார், ஆஸ்பத்திரியில் நோயாளி குறிப்பு எழுதிப் பழகிய சுத்தமான கையெழுத்தில். முன்னறை அவருடைய அப்பா பிற்பாடு சேர்த்துக் கட்டியது. சுவருக்கு அஸ்திவாரம் ஓரடிதான், அதுவும் உடைந்த செங்கல்லைக் கொட்டி அதன் மேல் எழுப்பியது. லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடிக்கும். ஐந்தடிக்குள் தோண்டுவதானால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தோண்ட வேண்டும். கடைசி வரி: 'என் தம்பி இந்தச் சுவரை ஒட்டிப் படுத்திருக்கிறான். அவனால் நகர முடியாது.'

இருபத்து மூன்று பேரில் என் படிவத்தை முழுமையாக நிரப்பியவர் அவர் ஒருவர்தான். அதை நான் மிகவும் மதித்தேன்.

நாலு தடவை போய்ப் பேசினேன். தையல்காரர் மனைவியின் கதையைச் சொன்னேன். "அவளைத் தூக்கிட்டுப் போன நாலு பேர்ல நானும் ஒருத்தி சார்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலாம் தடவை அவரே ஒரு யோசனை சொன்னார். எதிர்ப்பக்கம் இருப்பது நீரேற்று நிலையத்தின் மதில், அரசாங்க நிலம். தன் வீட்டுக்கு எதிரே மட்டும் மதிலை உள்ளே தள்ளினால் ரோடு அகலம் குறையாதே என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே வரைந்து பார்த்தேன். இருபது நிமிடம் பிடித்தது. ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகும், எதிரே இன்னொரு வண்டி வந்தாலும் இடம் இருக்கும். நீரேற்று நிலையத்திலும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தெருவின் நடுவில், பதினேழாம் எண்ணுக்கு முன்னால், கோடு பாம்பு நெளிவதைப் போல மதில் பக்கம் வளைந்து மறுபடி நேரானது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

அதன் பிறகு செய்ததெல்லாம் நிதானமாகச் செய்தது. ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது சரியாக இருக்காது.

கழிவுநீர்க் குழாய்க்கான பள்ளம் தெரு நடுவில் வருவதாக இருந்தது. பதினாறிலிருந்து பதினெட்டு வரை மூன்று வீடுகளுக்கு மட்டும் அதை வீட்டுப் பக்கம் நகர்த்தினேன். நடுவில் பழைய தண்ணீர்க் குழாய் போகிறது என்று காரணம் எழுதினேன். அப்படி ஒரு குழாய் இல்லை. பதினேழாம் எண்ணின் சுவருக்கும் பள்ளத்துக்கும் இடையில் மூன்று அடி. பள்ளத்தின் ஆழம் ஆறு அடி. பலகை முட்டுக் கொடுப்பது என்ற வரியை வேலை உத்தரவிலிருந்து எடுத்தேன். ஏழாவது கேள்விக்கான தாளைக் கோப்பிலிருந்து உருவி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை, திங்கள் மாலைவரை விடவில்லை. செவ்வாய் காலையில் வானம் வெளுத்தது. நானே போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

தோண்டும் இயந்திரத்தை ஓட்டுபவர் அனுபவசாலி. வண்டியை விட்டு இறங்கி வந்து சுவரையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், செவுத்த ஒட்டியே வருதே. மண்ணு வேற ஊறிக் கெடக்கு. முட்டுக் குடுக்காம தோண்டலாமா?"

"அஸ்திவாரம் ஆறடி இருக்கு. நான் பார்த்திருக்கேன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"வீட்டுக்கார அம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க."

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் பகுதியை எடுக்கும்படி சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே போன் செய்து, உங்கள் மாற்று யோசனையைப் பற்றிப் பேச வேண்டும், செவ்வாய் இரண்டரை மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள் என்று அழைத்திருந்தேன். சரியான நேரத்துக்கு வந்தார். புடவை ஓரத்தில் சேறு. கையில் ஒரு நோட்டுத் தாள், பென்சிலில் தெருவை வரைந்து அளவெல்லாம் போட்டிருந்தார்.

"தம்பிதான் சார் அளவு சொன்னான். நான் டேப்பைப் பிடிச்சேன். தப்பா இருந்தா சிரிக்காதீங்க."

தப்பாக இல்லை. நான் கிழித்துப் போட்ட வரைபடத்துக்கும் இதற்கும் மூன்று அங்குலம்தான் வித்தியாசம்.

"அவனைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன். மெஷின் ஓடுறதை வேடிக்கை பார்க்கணும்னு ஜன்னலை நல்லாத் திறந்து வைக்கச் சொன்னான். சின்னப் புள்ள மாதிரி. ஒரு மணி நேரத்துல போயிடலாம்ல?"

"போயிடலாம். நிதானமா சொல்லுங்க."

சொன்னார். நான் நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டேன். குறுக்கிடவில்லை. மூன்றே காலுக்கு மேஜைப் போன் அடித்தது. கண்டக்டர்தான் பேசினார். நான் கேட்டுவிட்டு, வைத்துவிட்டு, அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகுதான் சொன்னேன். இதைப் பற்றி அப்புறம் யோசித்திருக்கிறேன். காத்திருந்ததில் தவறில்லை என்றுதான் தோன்றுகிறது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

சுவர் பள்ளத்துக்குள் சாய்ந்ததும் மேல்தளம் அப்படியே கட்டிலின் மேல் இறங்கிவிட்டது. மண்ணை அள்ளியவர்களில் தையல்காரரும் இருந்தார். அந்த ஓட்டுநர் இயந்திரத்தை அணைக்காமலேயே குதித்து, வெறுங்கையால் கான்கிரீட்டைப் புரட்டப் பார்த்து, இரண்டு விரலை நசுக்கிக்கொண்டார். அவரைத்தான் கைது செய்தார்கள். முட்டுக் கொடுக்காமல் தோண்டியது அவர் குற்றம் என்று முடிவானது. 'சார்தான் சொன்னாரு' என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த அம்மா விசாரணையில், 'நான் எல்லாத்தையும் படிவத்துல எழுதிக் கொடுத்தேனே' என்று சொன்னார். கோப்பைப் புரட்டினார்கள், தாள் இல்லை. எழுத நினைத்து விட்டுப் போயிருக்கும், துக்கத்தில் இருப்பவர், வற்புறுத்த வேண்டாம் என்று நான் சொன்னேன். வெளியே வராந்தாவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் சார் எங்க பேச்சைக் காது குடுத்துக் கேட்டீங்க" என்றார்.

அவன் கஷ்டம் தீர்ந்தது என்று தெருவில் சிலர் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். அது உண்மை இல்லை. அவர் கஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. மேஜைக்கு எதிரே அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்தபோதே எனக்கு அது தெரியும். அப்போது போனை எடுத்து வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நாற்பது நிமிடம் இருந்தது.

சுவர் விரிசல் விடும், வீடு ஆபத்தானது என்று நோட்டீஸ் ஒட்டி அவர்களை வேறு இடத்துக்கு மாற்றலாம், அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொல்லத்தான் ஸ்டேஷனில் உங்கள் அறைக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் அப்படி மட்டும் நினைத்திருந்தால் இரண்டு பேரையும் அல்லவா வெளியே அழைத்திருப்பேன். ஒருவரை மட்டும் அழைத்தேன். அந்தத் தம்பியைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன்.

ஆறு மாதம் வாய் திறக்காதவன் இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். போன வாரம் நகராட்சிக் கூட்டத்தில் அனுதாபத்தின் பேரில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பதினேழாம் எண் நிலத்தில் ஓரடியும் எடுப்பதில்லை, முன்னறையை அதே இடத்தில் கட்டிக் கொடுப்பது, நீரேற்று நிலையத்தின் மதிலை உள்ளே தள்ளுவது. அந்த அம்மாவின் பென்சில் படத்தையே, இந்தத் தெருவுக்கு இப்போது போட்டிருக்கும் புதுப் பொறியாளர் மை போட்டு வைத்திருக்கிறார். நாளை மறுநாள் வேலை ஆரம்பம்.

விபத்து நடந்த வீடு என்பதற்காகத்தான் அந்தச் சலுகை. நடந்தது விபத்து இல்லை என்று இப்போது உங்களிடம் எழுதிக் கொடுக்கிறேன். அப்படியானால் அந்தத் தீர்மானமும் செல்லாது அல்லவா? இதோ ஏழாவது கேள்விக்கான தாள், இது என் பழைய வரைபடம், இதில் கோடு சரியாக இருக்கிறது. அந்த ஓட்டுநரையும் விட்டுவிடலாம்.

தெரு முடிந்ததும் ஒருநாள் காலையில் அந்த அம்மாவை மெயின் ரோட்டு முனையில் நிறுத்தி, மறுகோடி வரைக்கும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர். பார்த்தால் புரிந்துகொள்வார்.