வீணான நேரத்துக்கு நஷ்டஈடு

ஆள்களை வேலை வாங்கத் தெரியாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இளகிய மனசு, என்ன செய்ய. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் என் சலவைக்கூடத்தில் எந்தப் பெண்ணையும் நான் அதட்டியது கிடையாது. அதட்டல் எல்லாம் அண்ணியின் இலாகா.

பக்கத்து மனையில் பள்ளம் தோண்டிய கான்ட்ராக்டர் எங்கள் மின்கேபிளை வெட்டிவிட்டான். மெஷின்கள் நின்றன. வக்கீலிடம் போனேன். படித்த மனுஷர், பொறுமையாக விளக்கினார்.

"மெஷின் ஓட்டறவங்கள கையால துவைக்க விட்டீங்கல்ல? அந்த நேரத்துக்குக் காசு கேக்கலாம். ஆனா ரெண்டு நாள் தடங்கல்னு போய் நின்னா ஜட்ஜ் சிரிப்பாரு. மாசக்கணக்குல இழுத்திருக்கணும்."

நீதிபதியைச் சிரிக்க வைக்கும் எண்ணம் எனக்கில்லை. கேபிள் மறுநாளே சரியாகிவிட்டதால், மெஷின்களின் ஃபியூஸைக் கழற்றி டிராயரில் போட்டேன். கேபிள் வெட்டியதில் உள்ளே ஏதோ புகைந்துவிட்டது, பார்ட்ஸ் வர வேண்டும் என்றேன். நம்பினார்கள்.

பின்கட்டு அறையில் பெண்கள் கையால் துவைத்தார்கள். ரத்தக்கறை லேசில் போகுமா? ப்ளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொடுத்தேன். அதிலெல்லாம் நான் கஞ்சன் இல்லை. கைத்தோல் உரிந்தது. ஒருத்தி இருமி இருமி வேலையை விட்டே போனாள். வேறு ஆள் எடுத்தேன். அந்தச் செலவும் தடங்கலால் வந்ததுதானே, நஷ்டஈட்டு மனுவில் ஏற்றினோம்.

ஒரு மத்தியானம் பேனா தேடி வந்த அண்ணி டிராயரை இழுத்தார்.

"தம்பி, இது மெஷின் ஃபியூஸ் இல்ல?"

"ஆமா அண்ணி."

"வேணும்னே கழட்டி வச்சியா? பொண்ணுங்க கையெல்லாம் வெந்து கிடக்கேடா. கோர்ட்டுல கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

அண்ணிக்குப் பொய் வராது. அந்தக் குணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் வழக்கில் முதல் சாட்சியே அவர்தான்.

"தப்புதான் அண்ணி. நாளைக்கே மெஷின ஓட விட்டுடறேன். ஐ.சி.யூ. துணி மட்டும் அவசரம், நீங்களே அலசிக் குடுத்துடுங்க."

முகம் மலர்ந்து பின்கட்டுக்குப் போனார். பெண்களைச் சாப்பிட அனுப்பினேன். தொட்டியில் பவுடரை நானே கொட்டிக் கலக்கினேன், அவருக்கு ஏன் சிரமம் என்று. நெடி மூச்சை அடைத்தது; ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, கதவை வெளியே தாழ் போட்டேன்.

தட்டினார். "தம்பி, தாழ்ப்பா தானா விழுந்துருச்சு போல" என்றார். கடைசிவரை என்னைச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு நல்ல மனசு. சத்தம் நின்றதும் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.

பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, வேலை செய்யாமல் அழுதது, எல்லா நேரத்தையும் மனுவில் சேர்த்தேன். அண்ணியின் நேரத்தை மட்டும் சேர்க்கவில்லை. வக்கீல்கூட ஏன் என்று கேட்டார்.

"வீட்டு மனுஷி சார், அவங்களுக்குச் சம்பளமே கிடையாது" என்றேன்.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்தான். ஆனால் தாய் மாதிரி இருந்தவரை வைத்துக் காசு பார்க்கிற ஆள் நான் இல்லை, ஐயா.