ஐந்தாவது வேட்டு

ராஜகிரி உச்சியில் நின்றால் திண்டிவனத்தில் ரயில் ஊதுவது எனக்குக் கேட்கும். கேட்பதோடு நிற்காது, ஊதுகிற டிரைவர் வாயில் வெற்றிலை இருக்கிறதா இல்லையா என்பதையும் சொல்லிவிடுவேன். பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் சார், சிரிப்பார்கள். ராஜாங்கம் வாயைத் திறந்தால் கப்சா என்று செஞ்சியில் கைக்குழந்தைக்கும் தெரியும். சர்க்கார் உத்தியோகத்தில் குமாஸ்தாவாக இருந்து, இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு, பொழுது போகாமல் ஊரைச் சிரிக்க வைக்கிறவன் நான். எதைச் சொன்னாலும் ஒன்று கூட்டித்தான் சொல்வேன். முருங்கை மரத்தில் மூன்று காய் இருந்தால் நாலு என்பேன். யானைக்குளத்தில் தவளை கத்தினால் யானையே கத்தியது என்பேன். அதெல்லாம் இருக்கட்டும். காது விஷயம் மட்டும் கப்சா இல்லை. என் உடம்பில் இன்னும் ரிடையர் ஆகாத உறுப்பு அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னீர்கள். காதில் ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. போன வருஷம் என் கிணற்றில் செத்துப்போன ரங்கூன் பையனைப் பற்றி இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். கோட்டை பார்க்க வந்த மாணவன், விளையாட்டாகக் கிணற்றில் இறங்கினான், பாறை உடைக்க வைத்து வெடிக்காமல் கிடந்த வெடித் தோட்டாவில் மாட்டிக்கொண்டான். வேட்டுகளை எண்ணிய கிணற்றுக்காரர் வயசானவர், காது மந்தம். இதில் ஒரு வரிகூட நிஜமில்லை. அப்போது இருந்த இன்ஸ்பெக்டரிடம் அப்படிச் சொன்னது நான்தான். முக்கியமாக அந்தக் காது மந்தம், அதைத் திருத்திவிட வேண்டும்.

பையன் பேர் மரியசெல்வம். பாட்டன் காலத்தில் அனந்தபுரத்திலிருந்து கப்பலேறிப் போன குடும்பம். இவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ரங்கூன். பர்மா பாஸ்போர்ட்டில் வந்து மெட்ராஸில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ரங்கூனில் சர்க்கார் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது இவன் நைனாவின் துணிக்கடையும் போயிற்று. பணம் வருவது நின்றது. கோடை லீவு விட்டதும் ஹாஸ்டல் சாப்பாடும் நின்றது. அனந்தபுரத்து அருள்சாமி இவனுக்குத் தூரத்துச் சொந்தம். கிணறு வெட்டுகிற மேஸ்திரி. அந்தச் சமயம் கிருஷ்ணகிரி மலைக்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற என் கொல்லைக் கிணற்றை அவன் ஆட்கள்தான் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினான்.

"கல்லு தூக்குறேன் ஐயா, மண்ணு சுமக்குறேன். காலேஜ் தெறக்கறப்ப பீஸ் மட்டும் கட்டிடுங்க," என்றான் பையன். "ஆனா ஒண்ணு. எனக்குப் படிக்கத்தான் பர்மிஷன். வேலை செய்யக்கூடாதுன்னு சொல்லித்தான் உள்ள விட்டாங்க."

எதையும் ஒளிக்கத் தெரியாத பையன். பிற்பாடு எனக்குப் பயத்தைக் கொடுத்தது அந்தக் குணம்தான்.

நான் சட்டத்தை மதிக்கிறவன். சம்பளம் வாங்கினால்தானே அது வேலை? ஆகவே நான் சம்பளம் கொடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கூலி போடும்போது இவனைத் தள்ளி நிற்கச் சொல்வேன். கூழும் வெங்காயமும் போட்டேன், கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தேன். யாராவது கேட்டால் விருந்தாளி என்று சொல்லிக்கொள்ளலாம். கூலி குறைந்தால் மற்றவர்கள் சண்டை பிடிப்பார்கள். இவன் எங்கே போய்ச் சண்டை பிடிப்பான்? ஸ்டேஷனுக்கு வந்தால் முதலில் இவனைத்தான் உட்கார வைப்பார்கள். அதனால் பாறையில் துளை போடுகிற வேலையும், வேட்டுக்குப் பிறகு முதல் ஆளாக இறங்கி ஆடுகிற கல்லைத் தட்டிவிடுகிற வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக இவன் பக்கம் வந்து சேர்ந்தன. அப்படிச் செய்யச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை.

சித்தாள் விருத்தாம்பாளுக்கு அவனைக் கிண்டல் பண்ணாவிட்டால் கூழ் இறங்காது. "இன்னா ரங்கூன் மாப்ளே, பேனா புடிக்கிற கையில இத்தினி கொப்புளம். உங்கூர்ல எவன் பொண்ணு குடுப்பான்?"

"கொப்புளத்துக்கு நீங்கதாங்க்கா சாட்சி. கல்யாணத்துக்கு வந்து சொல்லிடுங்க."

"கப்பல் டிக்கெட் போடு, வர்றேன்."

என் மகன் தனசேகரன் லண்டனில் படிக்கிறான். சாயங்கால வேளையில் ஓட்டலில் தட்டு கழுவிப் படிக்கிறான். கிணற்றங்கரையில் இதைப் பெருமையாகச் சொல்வேன். என் மகன் கழுவின தட்டில் முகம் பார்த்துத்தான் அந்த ஊர்ப் பிரபுக்கள் மீசை வாரிக்கொள்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்வேன். ஒரு நாள் மத்தியானம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மரியசெல்வம் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உங்க மகன் அங்க தட்டு கழுவுனா பெருமை. நான் இங்க கல்லு தூக்குனா குத்தமாங்கய்யா?"

"அது அவன் ஊரு சட்டம். இது நம்ம சட்டம் தம்பி."

"சட்டம் கெடக்கட்டும். நீங்க இன்னா நெனைக்கிறீங்க? வெளிநாட்டுலேருந்து படிக்க வந்த புள்ள வேலை செய்யலாமா, கூடாதா?"

"செய்யலாமாவா?" என்று விருத்தாம்பாள் சிரித்தாள். "செஞ்சிக்குனுதானே இருக்குற."

கூடாது என்றேன் நான். படிக்க வந்தவன் வேலையில் இறங்கினால் உள்ளூர்க்காரன் பிழைப்பு என்ன ஆவது, படிப்புத்தான் என்ன ஆவது என்று எடுத்துச் சொன்னேன். நியாயமாகத்தான் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப திங்கக்கிழமை கடலூர் போறேங்கய்யா. கலெக்டரைப் பாத்துக் கேக்குறேன். வீட்டுப் பணம் நின்னுபோன புள்ளைங்க லீவுல மட்டும் வேலை செஞ்சுக்கட்டும்னு அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நீங்களும் பயப்படாம எனக்குக் கூலி குடுக்கலாம் பாருங்க."

"இப்ப எங்க இருக்கேன்னு கேட்டா?"

"உங்க கொட்டாயிலன்னு சொல்வேன்."

"இன்னா செய்யறேன்னு கேட்டா?"

"கெணறு வெட்டறேன்னு சொல்வேன். பெரியவங்க கேட்டா பொய்யா சொல்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டத்துக்கு விரோதமாக வெளிநாட்டு ஆளை வைத்து வேலை வாங்கினான் என்று ஒரு காகிதம் கிளம்பினால் என் பென்ஷன் என்ன ஆகும் சார்? பையனைக் கூட்டிக்கொண்டு வந்த அருள்சாமியையும் அது விடாது. நடத்தை சரியில்லை என்று பென்ஷன் நின்றுபோன கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்களிடம் டீ கேட்டு நிற்பார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் மணி கேட்டால் போலீஸ் என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். பஜாரில் வழக்கம்போலக் கதை அளந்துகொண்டிருந்தேன். கண் மட்டும் தெருமுனையிலேயே இருந்தது.

சனிக்கிழமை ஐந்து துளையில் ஐந்து தோட்டா வைத்தார்கள்.

கிணற்று வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேட்டுகள் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று திரிகளை ஒன்றுக்கொன்று நீளம் மாற்றி வெட்டுவார்கள். எண்ணுவது இரண்டு பேர்: திரி கொளுத்திய மேஸ்திரி, கரையில் நிற்கும் கிணற்றுக்காரன். கிணற்றுக்காரன் முதலில் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். மேஸ்திரி சரி என்றால்தான் ஆள் இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் அன்றைக்குக் கிணற்றைத் தொடமாட்டார்கள். வெடிக்காத தோட்டா பாறைக்குள்ளேயே படுத்திருக்கும். கடப்பாரை பட்டால் எழுந்துகொள்ளும்.

முதல் வேட்டு கிழக்கு மூலை. மலையிலிருந்து காக்கைகள் கிளம்பின. இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்து வந்தன. நாலாவது கொஞ்சம் தாமதித்து வெடித்து, கிருஷ்ணகிரியில் பட்டுத் திரும்பி வந்தது. எதிரொலியை வேட்டு என்று எண்ணுகிறவன் நானில்லை. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வடக்கு மூலை வாயைத் திறக்கவில்லை.

"எத்தினி ஐயா?" என்று கேட்டான் அருள்சாமி.

"அஞ்சு," என்றேன்.

ஒன்று கூட்டிச் சொல்கிற பழக்கம், வாய் தவறி வந்துவிட்டது. ரொம்ப நாள் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அருள்சாமி என் முகத்தைப் பார்த்தான். பிறகு சரி என்றான். பீடி பற்றவைத்துவிட்டு வருகிறேன் என்று புங்கமரத்துக்குப் பின்னால் போனான். விருத்தாம்பாளும் மற்றவர்களும் கொட்டகைப் பக்கம் கூழ் குடிக்கப் போயிருந்தார்கள். மரியசெல்வம் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினான். பாதியில் நின்று, "கடலூருக்கு மொத பஸ் எத்தினி மணிக்குங்கய்யா?" என்று கேட்டான்.

"அஞ்சரைக்கு," என்றேன். சரியான நேரம்தான். அதில் நான் எதையும் கூட்டவில்லை.

கரையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடப்பாரைச் சத்தத்தை வைத்தே அவன் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். கிழக்கு மூலையில் கல் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு தெற்குப் பக்கம். வாய்க்குள் ஏதோ பர்மாப் பாட்டு முனகிக்கொண்டிருந்தான். பிறகு சத்தம் மாறியது. உடைந்த கல்லில் கடப்பாரை விழுவது ஒரு சத்தம், உடையாத பாறையில் விழுவது ஒரு சத்தம். ணங் என்று கேட்டது. வடக்கு மூலை.

கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்திருப்பான். பெரியவர்கள் கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவான், அப்படி வளர்ந்த பையன். நான் எழுந்து புங்கமரத்துக்குப் பின்னால் போனேன். வெயில் ஏறியிருந்தது, நிழலுக்காகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நிழல் இருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. அருள்சாமி அங்கே நின்றுகொண்டிருந்தான்.

ஐந்தாவது வேட்டு வெடித்தது. நான் சொன்ன எண்ணிக்கை சரியாகிவிட்டது.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது. படிக்க வந்தவன் வேலை செய்யக்கூடாது. ஆகவே அவன் வேலை செய்யவில்லை. வேலை செய்யாதவன் வேலையில் சாக முடியாது. கோட்டை பார்க்க வந்தவன் என்று சொன்னேன், ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. விருத்தாம்பாள் மட்டும் அந்தக் கிணற்றுக்கு மறுபடி வரவில்லை. அனந்தபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவன் பாட்டனின் ஆட்கள் பக்கத்தில் அடக்கம் செய்தோம். ஆடியில் கிணற்றில் தண்ணீர் ஊறியது. நல்ல தண்ணீர் என்கிறார்கள். நான் குடிப்பதில்லை, வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பயம் மட்டும் போகவில்லை சார், இடம் மாறிக்கொண்டது. எந்தக் கொல்லையில் வேட்டு வைத்தாலும் எண்ணுகிறேன். எத்தனை வெடித்தாலும் ஒன்று பாக்கி இருப்பதுபோலவே இருக்கிறது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போட்டு முடித்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும், நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தீபாவளிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். இந்தக் காதுக்குப் பஞ்சு எந்த மூலைக்கு?

அதுவும் பழகியிருக்கும். ஆனால் போன வாரம் தனசேகரனிடமிருந்து சேதி வந்தது. தட்டு கழுவுகிற வேலை போய்விட்டதாம். லண்டனில் பூமிக்கடியில் ரயிலுக்குச் சுரங்கம் வெட்டுகிறார்களாம். லீவில் அங்கே இறங்குகிறானாம். அங்கே வேட்டு வைப்பார்களா இல்லையா என்று அவன் சொல்லவில்லை. மேலே யாரோ ஒரு பெரியவர் நிற்பார் அல்லவா? அவருக்கு எண்ணத் தெரியுமா? என் மகன் எதையாவது கேட்டு அவரைப் பயமுறுத்தியிருப்பானா? இதை யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் இங்கே வந்தேன். செய்ததற்கு வருந்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். இங்கே கணக்கு நேரானால் அங்கேயும் நேராக எண்ணுவார்கள் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இன்று காலையில் வாயால் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "பெரியவரே, உங்களைப் பத்தி ஊரே சொல்லியிருக்குது. காது மந்தம்னு எழுதுனது உங்களுக்கு நல்லதுதானே, வீட்டுக்குப் போங்க," என்றீர்கள். அருள்சாமிக்கு ஆள் அனுப்பினீர்கள்.

அவன் வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். "ஐயா சொல்றதுல முக்கால்வாசி கப்சா சார். முதுகுக்குப் பின்னால மாடு கத்துனா இவருக்குக் கேக்காது. அஞ்சும் வெடிச்சுது. முன்ன எப்பவோ வெச்ச தோட்டா ஒண்ணு உள்ள கெடந்திருக்கும்," என்றான்.

என்னைக் காப்பாற்றத்தான் பேசினான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

"அன்னிக்கு நீ பீடி பத்த வெக்கலடா அருள்சாமி," என்றேன். "தீக்குச்சி கிழிக்கிற சத்தம் எனக்குக் கேக்கவே இல்லை."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீங்கள் சிரிப்பதை நிறுத்தினீர்கள்.

"அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார்," என்றான் கடைசியில். "நாலுதான் வெடிச்சுது. நானும் எண்ணுனேன்."