தர்மினியின் மரணத்தைத் தியாகம் என்று சொல்லாதீர்கள்

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவி செல்வராணி அவர்களே, மறைந்த சகோதரி தர்மினியின் கணவர் சிறீகாந்தன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயார் அன்னலட்சுமி அம்மா அவர்களே, வேலை முடிந்து சீருடையோடு நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவருக்கும் சிக்கந்தரின் வணக்கம்.

நகராண்மைக் கழக ஊழியர் சங்கத்தின் செயலாளராக எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இப்படி ஒரு மேடை எனக்கு வாய்த்திருக்கக் கூடாது.

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகளாகப் பிறந்து, பொறியியல் படித்து, நம் கழகத்தின் தொழிலிடப் பாதுகாப்பு, இழப்புக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அதிகாரியாக வந்தவர் தர்மினி. அவர் வந்தபோது நம் டிப்போ வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது. விபத்தே இல்லை என்று அது சொன்னது. நகராட்சிகளை ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார்களே, அதில் முதலிடம் நமக்குத்தான். கேடயம் வாங்கினோம், கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம்.

தர்மினி கைதட்டவில்லை. குப்பை லாரிகளுக்குப் பின்னால் காரில் போனார். கையில் கட்டுப்போட்டவர்கள், நொண்டி நடப்பவர்கள், ஒருவரையும் விடாமல் பார்த்தார். ஒருநாள் நம் செல்லம் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார். அதோ, இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார் செல்லம். அன்று நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"கை எப்படிங்க ஆச்சு?"

"வீட்டுக் கதவுல நசுங்கிருச்சு மேடம்."

"எந்தக் கதவு? காட்டுங்க."

செல்லத்தால் எந்தக் கதவைக் காட்ட முடியும்? அழுதுவிட்டார். "லாரி அமுக்குச்சு மேடம். எங்க வேலைய மேய்க்கிற மண்டோருதான் சொன்னாரு, லீவு போட்டுக்கோ, ரிப்போர்ட் பண்ணிறாதேன்னு. நம்ம டிப்போவுக்கு அவார்டு போயிரும்லா!"

கேட்டீர்களா? இரண்டு விரல்கள் போயின. லாரியின் பம்பர் வளைந்தால் அதை இழப்பு என்று எழுதும் கழகம், செல்லத்தின் விரல்களை எங்கேயும் எழுதவில்லை!

அன்றிலிருந்து தர்மினி ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொன்னார்: "அடிபட்டா எங்கிட்ட சொல்லுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு." சொன்னார்கள். மரம் வெட்டுபவர்கள் சொன்னார்கள், பாசார் சந்தையைக் கழுவுபவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு மதிப்பீட்டில் நாம் கடைசி வரிசைக்குப் போனோம். துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன். பேச்சு மலாயில்தான் நடந்தது, தமிழில் சொல்கிறேன்.

"நீ வந்த பிறகு விபத்து கூடிப்போச்சே?"

"துவான், விபத்து கூடல. மறைக்கிறதுதான் குறைஞ்சிருக்கு."

இதை அவர் உரக்கச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குப்பை லாரிகளில் குப்பையை அமுக்கும் இயந்திரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் வேண்டும் என்று கேட்டார். கேட்டுக் கேட்டு வாங்கினார். அதன் பிறகு ஒரு விரல்கூடப் போகவில்லை. இது உண்மையான சாதனை இல்லையா? இதற்கு யார் கேடயம் கொடுத்தார்கள்?

தோழர்களே! இனி நான் சொல்ல வேண்டியது கடினமானது. அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பாசாருக்குப் பின்னால் கால்வாய் தோண்டும் வேலை. குத்தகையாளரின் பொறுப்பில் நம் ஆட்களும் இறங்கினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்கவில்லை. தோண்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்திருந்தார்கள். தர்மினி வேலையை நிறுத்தச் சொன்னார், நின்றது. ஆனால் பாசார் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்களே! மழை விட்டதும் மறுபடியும் ஆட்களை இறங்கச் சொன்னார்கள். நம் மூர்த்தி அவருக்குப் போன் போட்டார்.

"மேடம், மண்ணு ஈரமா இருக்கு. இறங்குன்னு சொல்றாங்க. பயமா இருக்கு."

"இறங்காதீங்க மூர்த்தி. நான் வந்துட்டே இருக்கேன்."

அவர் வருவதற்குள் மிரட்டி இறக்கிவிட்டார்கள், மூர்த்தியையும் இன்னொருவரையும். தர்மினி பள்ளத்தின் விளிம்புக்கு ஓடிவந்து ஏணியின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "சாமான விடுங்க! மேல வாங்க!" முதலில் மற்றவர் ஏறினார். பிறகு மூர்த்தி ஏறினார். மூர்த்தி தரையில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது விளிம்பு இல்லை. ஏணி இல்லை. தர்மினி இல்லை. ஓரத்தில் குவித்த மண் மொத்தமும் உள்ளே போயிருந்தது.

செய்தி கேட்டு நாங்களும் ஓடினோம். மண்வெட்டி பட்டுவிடுமே என்று பயந்து கையால் தோண்டினோம். மூர்த்தியின் நகங்கள் பிய்ந்தன. எங்களுக்குக் கிடைத்தபோது அவருக்கு மூச்சில்லை.

பத்திரிகையில் எழுதுகிறார்கள், உயிரைத் தியாகம் செய்தார் என்று. மாலை கொண்டுவந்த மேலதிகாரிகளும் அதையே சொன்னார்கள். இல்லை! தர்மினி உயிரைக் கொடுக்க வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் வந்தார். தியாகம் என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவரை அந்த விளிம்புக்கு வர வைத்தது யார்? நிறுத்திய வேலையைத் தொடங்கச் சொன்னது யார்?

இன்னொன்றும் கேளுங்கள். அடக்கம் முடிந்த மறுநாளே, நிர்வாகம் நம் சங்கத்தோடு நடத்திய கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் சொன்னார்: "அது குத்தகையாளரோட இடம். நம்ம மதிப்பீட்டுல வராது." நம் அதிகாரி, நம் சீருடையில், நம் ஊழியர்களைக் காப்பாற்றும்போது இறந்திருக்கிறார். வராதாம்! செல்வராணி எழுந்து மேசையைத் தட்டினார். தர்மினியின் மரணம் நம் கழகத்தில் நிகழ்ந்த மரணமாகப் பதிவாகும் வரை வெளியே போகமாட்டோம் என்றார். பதிவானது. அதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

சிறீகாந்தன் சார், அன்னலட்சுமி அம்மா, தர்மினியைத் திருப்பித் தர எங்களால் முடியாது.

ஆனால் தோழர்களே, விசாரணைக்காக மூடியிருந்த அந்தப் பள்ளத்தில் நாளைக் காலை வேலை மீண்டும் தொடங்குகிறது. பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல், தோண்டும் மண்ணை ஓரத்திலிருந்து அகற்றாமல் நம்மில் ஒருவரும் இறங்கப்போவதில்லை. யார் மிரட்டினாலும், எந்த விழாவுக்கு நாள் குறித்தாலும் இறங்கப்போவதில்லை. முதல் ஆளாக நான் அங்கே நிற்பேன். மூர்த்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் வந்துவிடுங்கள்.