ஓவசியர் கனகசூரியம் வரைந்த பச்சைக் கோடுகள்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராமப்பன் அவர்களே! கெலவரப்பள்ளி முகாமிலிருந்து வந்து, கணவரை இழந்த இந்தத் துயரத்திலும் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மா நேசமலர் அவர்களே! முதல் ஷிப்டு முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வந்திருக்கும் தொழிற்சாலைத் தோழர்களே! கேட்ட உடனே இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட சங்கத்தாரே! முகாமின் தாய்மார்களே, பெரியவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜமீர் அகமது. ஓசூரில் பெயின்ட் கான்டிராக்ட் எடுத்துச் செய்கிறேன். இறந்துபோன கனகசூரியம் ஐயா என்னிடம் வேலை பார்த்தவர் என்று சில பேர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவர் என்னிடம் வேலை பார்த்தது பதினோரு வருடம். நான் அவரிடம் வேலை பார்த்தது அதற்குப் பிறகு பதினைந்து வருடம். இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

யார் இந்தக் கனகசூரியம்? இலங்கையில், வன்னியில், நீர்ப்பாசனத் துறையில் இருபத்தெட்டு வருடம் ஓவசியராக இருந்தவர். ஓவசியர் என்றால் குளம், மதகு, வாய்க்கால் எல்லாவற்றையும் நடந்து பார்த்துப் பராமரிக்கிற மேற்பார்வையாளர். அந்த நாட்டின் உள்நாட்டுப் போரில் வீடு இழந்து, 1998இல் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நம் கெலவரப்பள்ளி முகாமுக்கு வந்தவர். வந்த அடுத்த வருடம் என்னிடம் பிரஷ் பிடித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

2000ஆம் வருடம் ஏப்ரல் மாதம். சிப்காட்டில் ஒரு ஷெட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனையிறவு ராணுவ முகாமைச் சுற்றிச் சண்டை நடக்கிறது, இயக்கச்சிப் பக்கம் விழுந்துவிட்டது என்று செய்தி. ஐயா பிரஷைக் கீழே வைத்தார்.

"குடிதண்ணிக் கிணறு போச்சு. இனி முகாம் நிக்காது" என்றார்.

அதேபோல சீக்கிரத்திலேயே ஆனையிறவு கைமாறியது. அந்தச் செய்தி வந்ததும், பக்கத்தில் ஏணி பிடித்திருந்த சிவராஜ் குதித்தான். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறான், அவனே சொல்வான்.

"ஐயா, கணக்கா சொல்லிட்டீங்களே! நம்ம ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க இல்ல?"

ஐயா சிரிக்கவில்லை. "சரி தம்பி. இனி அங்கை இருக்கிற சனம் எங்காலை போகும்? அதைச் சொல்லு" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வியே தோன்றவில்லை! போர் என்றால் யார் அடித்தார், யார் விழுந்தார், எந்த முகாம் பிடிபட்டது, இவ்வளவுதானே நமக்குத் தெரியும்? கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரிதானே நாம் கேட்டோம்?

அவர் போரை வேறு மாதிரி படித்தவர். அதை 2010இல்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். போர் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்தக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெரிய சார்ட் தாள்களை மேசையில் விரித்தார். ஒவ்வொரு தாளும் ஒரு சண்டை. சிவப்புக் கோடு ராணுவம் போன வழி. நீலக் கோடு இயக்கம், அதாவது புலிகள், போன வழி. பச்சைக் கோடு சனங்கள் போன வழி. சிவப்பும் நீலமும் புத்தகங்களில் கிடைக்கும். பச்சை எங்கே கிடைக்கும்? முகாம் முகாமாக, வீடு வீடாகக் கேட்டுத்தான் கிடைக்கும். 'நீங்கள் எந்தத் தேதி கிளம்பினீர்கள், எந்தப் பாலம், எந்தக் கோயில், எத்தனை நாள்' என்று அவர் கேட்டார். கேட்டுக் கேட்டு வரைந்தார்.

முதல் நாளே அவர் எங்களுக்கு 1995ஐ விளக்கினார். அந்த வருடக் கடைசியில் ராணுவம் யாழ்ப்பாண நகரத்தைப் பிடித்தது. உலகம் எல்லாம் பெரிய வெற்றி என்று பேசிற்று. ஆனால் பிடித்த நகரத்தில் ஆள் இல்லை! லட்சக்கணக்கான சனம் அதற்கு முன்பே கிழக்கே நடந்துவிட்டது. அடுத்த வருடம் அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. மிச்சம் தெற்கே வன்னிக்குப் போயிற்று.

"சனம் திரும்பி வந்த பிறகுதான் நகரம் உண்மையாப் பிடிபட்டது" என்றார் ஐயா. "சனம் வன்னிக்குப் போனபடியால் சண்டையும் வன்னிக்குப் போச்சுது. அடுத்த மூண்டு வருஷத்தை அந்த நடைதான் தீர்மானிச்சது."

எத்தனை தளபதிகள் எத்தனை மேசைகளில் எத்தனை திட்டம் போட்டிருப்பார்கள்! அதையெல்லாம் அவர் குறைத்துச் சொல்லவில்லை. திட்டம் பலித்ததா இல்லையா என்பது பச்சைக் கோட்டில் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது ஞாயிறு நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, 1990க்குத் தாள் இல்லையே? வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் ஒட்டுமொத்தமாக வெளியேற்றியதே, அது இந்த வரைபடத்தில் வராதா?"

ஒரு முஸ்லிம் கேட்கிற கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். ஐயா தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். புதுத் தாள். தெற்கே வவுனியா நோக்கி ஒரே பச்சைக் கோடு. ஓரத்தில் ஒரு சிறிய புள்ளி, அதன் பக்கத்தில் எழுத்து: 'கனகசூரியம், இந்த இடம்.'

"அண்டைக்கு நான் ரோட்டோரத்திலே நிண்டனான்" என்றார். "எங்கட நீர்ப்பாசனக் கந்தோர்ப் பியோன், அவன்ரை பெண்சாதி, பிள்ளையள் எல்லாம் போகுதுகள். பாத்துக்கொண்டு நிண்டன். ஒண்டும் சொல்லேல்லை. வாய் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு தெரியாது ஜமீர். திறக்கேல்லை எண்டது தெரியும்."

நண்பர்களே! நான் எத்தனையோ பேரின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். தன்னைத்தானே வரைபடத்தில் குறித்துவைத்த ஒரு மனிதரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வேலூர், சேலம், திருச்சி என்று எந்த முகாமுக்குப் போனாலும் என் வண்டியில்தான் போனார்.

இனி நான் சொல்லப்போவது அவருடைய சொந்தத் தாள். நேசமலர் அம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

1997 மே மாதம். யாழ்ப்பாணத்தில் இருந்த ராணுவத்துக்குத் தரைவழி கிடையாது. கப்பலும் விமானமும்தான். வவுனியாவிலிருந்து வடக்கே போகிற பெரிய சாலையைத் திறந்துவிட்டால் வழி கிடைத்துவிடும். அதற்காக ராணுவம் வடக்கு நோக்கிப் புறப்பட்டது. இயக்கம் மறித்தது. அந்தச் சாலைக்குக் கொஞ்சம் மேற்கே கருவேலன்குளம் என்று ஒரு சின்ன ஊர். ஐயா அங்கேதான் இருந்தார்.

ஊர்ச் சனம் சாலைக்கு ஓடப் பார்த்தது. சாலையில் போனால் டிராக்டர் கிடைக்கும், தார் ரோடு, சீக்கிரம் போய்விடலாம். ஐயா ஊர்க் கோயிலடியில் நின்று சொன்னார்: "இது ரோட்டுக்கு நடக்கிற சண்டை. ரோட்டாலை போகாதேங்கோ. வாய்க்கால் கட்டாலை மேற்கே நடவுங்கோ. இண்டைக்கே நடவுங்கோ." நாற்பத்தொரு குடும்பம் அவர் பேச்சைக் கேட்டு வாய்க்கால் கரையில் நடந்தது. நாற்பத்தொரு குடும்பமும் தப்பியது.

ஒரு குடும்பம் மட்டும் கிளம்ப முடியவில்லை. பொன்னுத்துரை என்ற விவசாயியின் குடும்பம். அவருடைய தாய் பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். வண்டி மாடும் கைவசம் இல்லை. பொன்னுத்துரை கேட்டார்: "அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது?" ஐயா யோசித்தார். ஊருக்கு வெளியே கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெல் களஞ்சியம் இருந்தது. கல் கட்டடம். சாலையிலிருந்து இரண்டரை மைல். "அங்கை இருங்கோ. ராணுவம் ரோட்டாலைதான் போகும். இவ்வளவு தூரம் வராது" என்றார்.

சாலையில் மறிப்பு பலமாக இருந்தது. முன்னே போக முடியாத படை சாலையை விட்டிறங்கி, காட்டுக்குள்ளால் சுற்றி வந்தது. சண்டை பக்கவாட்டில் விரிந்தது. பத்து நாள் கழித்து, மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஐயாவுக்குச் சேதி வந்தது. களஞ்சியத்துப் பக்கம் ஷெல் விழுந்தது, பொன்னுத்துரை குடும்பத்தில் யாரும் இல்லை என்று. அது யார் அடித்த ஷெல் என்று இன்றுவரை தெரியாது.

எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்! "தண்ணியை மறிச்சால் அது பக்கத்தாலை உடைக்கும். இருபத்தெட்டு வருஷம் வாய்க்கால் பாத்தவன் நான். எனக்கு அது விளங்கியிருக்க வேணாமோ?"

களஞ்சியம் இருந்த இடத்தில் பச்சை மையால், ஆளுக்கு ஒன்றாக, ஐந்து புள்ளி வைத்திருந்தார்.

2016. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிப் போன ஒரு குடும்பம், வவுனியாவில் யாரிடமோ இந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. ஒரு ஞாயிறு, இதே கூடத்தில், என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். ஐயாவைக் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, நான் வதனி. பொன்னுத்துரையின்ரை மகள்."

ஐயா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஐந்து புள்ளியில் ஒரு புள்ளி பேசுகிறது! பதினோரு வயதில் செத்துப்போனதாக அவர் எழுதிவைத்த பிள்ளை, வவுனியாவில் நர்ஸாக இருந்து பேசுகிறது!

"நீ... எப்பிடிப் பிள்ளை?"

"நாங்கள் களஞ்சியத்திலே இருக்கேல்லை மாமா. நாலாம் நாள் அப்பா எங்கையோ மாடு பிடிச்சு வண்டி கட்டினவர். அப்பாச்சியை வண்டியிலே கிடத்தி, உங்களுக்குப் பின்னாலைதான் வந்தம். நீங்கள் போன வாய்க்கால் கட்டாலை. மதகடிக்கு வரேக்கை ஷெல் விழுந்தது. நான் தண்ணிக்குள்ளை விழுந்தபடியால் தப்பிட்டன்."

ஐயா மேசையில் கிடந்த அந்தத் தாளை இழுத்துப் பார்த்தார். "அப்ப நான் பத்தொன்பது வருஷமாப் பிழையான இடத்திலே கீறி வைச்சிருக்கிறன்" என்றார்.

"அப்பா உங்களை ஒரு சொல்லும் பேசேல்லை மாமா. அண்ணை சொன்ன வழியாலை போவம் எண்டுதான் சொன்னவர்."

அந்தப் பெண் ஆறுதலாகத்தான் சொன்னது. ஆனால் அவர் நல்ல வழி என்று காட்டிய வழியில் அல்லவா அது நடந்திருக்கிறது! இதை அவர் எப்படித் தாங்கினார்? நான் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "மதகுக்கு எந்தப் பக்கம் பிள்ளை? கிழக்கோ, மேற்கோ?"

"மேற்கு. ஒரு நூறு யார் தூரம் இருக்கும்."

தாளை என் பக்கம் தள்ளினார். நான்தான் பழைய ஐந்து புள்ளிகளை வெள்ளை மை பூசி மறைத்தேன். மதகுக்கு மேற்கே நான்கு புள்ளி வைத்தேன். பொன்னுத்துரை, அவர் மனைவி, தாய், எட்டு வயது மகன். பிறகு அந்த இடத்திலிருந்து வவுனியா வரைக்கும் ஒரு மெல்லிய பச்சைக் கோடு, வதனிக்கு.

அடுத்த வாரம் ஐயா எங்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார்: "நாப்பத்தொரு குடும்பத்தைக் காப்பாத்தினவன் எண்டு என்னைப் பற்றிச் சொல்லாதேங்கோ. என்ரை வழி நல்ல வழி எண்டதாலை அவை தப்பேல்லை. நாலு நாள் முந்திப் போனபடியால் தப்பிச்சினம். அதே வழியாலை நாலு நாள் பிந்தி வந்தவை செத்துப்போச்சினம். சண்டை பிடிக்கிறவன் இடத்தைப் பாப்பான். சனத்துக்கு நாள்தான் முக்கியம்."

அன்று முதல் எல்லாப் பச்சைக் கோட்டிலும் தேதி எழுதச் சொன்னார். ஏற்கெனவே வரைந்த முப்பது தாளையும் திரும்ப எடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்து தேதி கேட்டு எழுதினோம். அதற்கு மட்டும் மூன்று வருடம் ஆயிற்று. பெருமைக்காக யாராவது இப்படி உழைப்பார்களா? தான் சொன்னது பிழை என்று தெரிந்த பிறகு இப்படி உழைத்தவர் கனகசூரியம் ஓவசியர்!

வதனி அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை பேசுவார். அங்கிருந்து பெயரும் தேதியும் சேகரித்து அனுப்புவார். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலையில், முகாம் வீட்டில், நேசமலர் அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. எழுபத்தேழு வயது. வதனிக்கு நான்தான் போன் செய்தேன். அந்தப் பெண் முதலில் அழுதது. பிறகு, "தாள் எல்லாம் பத்திரமா இருக்குதோ அண்ணா?" என்று கேட்டது.

இருக்கிறது அம்மா! நாற்பத்து மூன்று தாளும் இருக்கிறது!

நண்பர்களே, படத்துக்கு மாலை போட்டுக் கலைந்து போவதற்கு நாம் இங்கே கூடவில்லை. இந்த வரைபட வேலைக்காகக் கூடிவரும் நம் ஞாயிறு வட்டம் சார்பில் சில விஷயங்களை உறுதியாகச் சொல்கிறேன். எல்லாத் தாள்களையும் ஐயாவின் பேத்தி கவிப்ரியா கணினியில் ஏற்றுகிறார். பாதி முடித்துவிட்டார். ராமப்பன் ஐயா ஒவ்வொரு தாளுக்கும் விளக்கம் எழுதுகிறார். தமிழில் ஒன்று, நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கக் கன்னடத்தில் ஒன்று. வண்டி என்னுடையது, எந்த முகாமுக்கும் வரும். சிவராஜ் ஓட்டுவான்.

ஒரே ஒரு தாள் மட்டும் வெறுமையாக இருக்கிறது. 2009, முள்ளிவாய்க்கால். எத்தனையோ தடவை கேட்டோம். ஐயா தொடவே இல்லை. "நான் அந்த வருஷம் ஓசூரிலே கூரைக்குப் பெயின்ட் அடிச்சுக்கொண்டு நிண்டன். எனக்கென்ன உரிமை? அங்கை நிண்டவை வந்து கீறட்டும்" என்றுவிட்டார்.

இந்தக் கூடத்தில் அங்கே இருந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். யார் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக நீங்கள் அதைப் பேசியதில்லை என்பதும் தெரியும். கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஜன்னல் பக்கத்து மேசையில் தாளை விரித்து வைத்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்றால் எழுதமாட்டோம். சொல்லிக்கொண்டிருக்கும்போது முடியவில்லை என்றால் எழுந்து போகலாம், இன்னொரு வாரம் வரலாம்.

கவிப்ரியா பேனாவோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. கூடம் எட்டு மணி வரைக்கும் நம்முடையது. வாருங்கள்.